63 அடித்தும் தோல்வி!

1986 ஏப்ரல் 20. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் என்.பி.ஏ. கூடைப்பந்து பிளே-ஆஃப் ஆட்டம். சிகாகோ வீரர் மைக்கேல் ஜோர்டன் ஒருவரே 63 புள்ளி! அப்படியும் சிகாகோ தோற்றது, 135-131. இரண்டு தடவை கூடுதல் நேரம் கொடுத்துத்தான் முடிவே தெரிந்தது.

'கூட ஆடினவங்க சரியில்லை' என்பார்கள். அது என்ன நியாயம்? மீதி 68 புள்ளியை யார் போட்டதாம்? பாஸ்டனில் பேர்ட் 36, மெக்கேல் 27, ஏஞ்ச் 24 என்று சுமையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜெயித்தார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆட்டத்தின் ஓட்டத்தில் ஜோர்டன் கூடைக்கு எறிந்தது 41; விழுந்தது 22. பாக்கி 19 வீண்! இதை யாரும் பேசுவதில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கால் எலும்பு முறிந்து அந்த சீசனில் 64 ஆட்டம் உட்கார்ந்திருந்தவர் ஐயா அவர்!