ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார்!

கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுவதில்லை என்றும், அதற்குக் காரணம் அவர்களுடைய "பிறவிப் புத்தி" என்றும் சில பெரிய மனிதர்கள் பேசித் திரிகிறார்கள். அப்பள்ளிக்கூடத்திற்குள் ஒரு நாளாவது இவர்கள் எட்டிப் பார்த்ததுண்டா என்று கேட்கிறோம்.

2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது. கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்தான். ஐந்தாவது ஆசிரியர் வரவேண்டுமானால் 121 பிள்ளைகள் சேர்ந்தாக வேண்டும். வகுப்போ ஐந்து! 50 பிள்ளைகள் உள்ள ஊரில் ஆசிரியருக்கு 25 பேர், காகிதத்தில் குறையொன்றுமில்லை. நாளைக்கு ஐந்து மணி நேரம் பாடம் நடந்தால், ஒரு வகுப்பின் பங்குக்கு வருவது இரண்டே மணி. வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்தால் போகிறது என்பார்கள். பணம் கட்டும் பள்ளிக்கூடத்தில் தங்கள் பிள்ளையை அப்படி உட்காரவைக்க இவர்கள் சம்மதிப்பார்களா?

நிற்க. அங்கே உட்கார்ந்திருப்பது யார் பிள்ளை? காசுள்ளவன் பிள்ளை வேன் ஏறிப் போய்விடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கூலிக்காரன் பிள்ளையும், ஆதிதிராவிடர் பிள்ளையுமே. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்தால் இன்னும் நாலு பேர் வேன் ஏறுகிறார்கள். கடைசியில், பிள்ளையே இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கிறார்கள். இது யார் செய்த வினை? முன்ஜென்மத்து வினையா?

அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில் 1985ல் தொடங்கி நாலு வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் பிரித்து, சில வகுப்பில் 13 முதல் 17 பேரும், சில வகுப்பில் 22 முதல் 25 பேரும் வைத்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். அதிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கே அதிக லாபம். தலையில் எழுதிய பிரமன், வகுப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தா எழுதினான்?

ஆகவே தோழர்களே! அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோருக்கே உரியது என்கிறது. அங்கே போய் உட்காருங்கள். தலைக்கணக்கு வேண்டாம், வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்த நமக்கு, ஊர் கூடி ஒரு வாத்தியாரைக் கேட்கத் தெரியாதா?