ஐந்நூறு ரூபாயின் கணக்கு

சம்பளத்தில் 20 சதவீதத்தைச் சேமியுங்கள் என்கிறார்கள் பண ஆலோசகர்கள். கவரைப்பேட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு 500 ரூபாய் மிஞ்சினாலே பெரிது. அதை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் போட்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் ஏறக்குறைய 5 லட்சம். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் அதன் இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சம்தான். அதுவும் நடுவில் வேலை போகாவிட்டால்! மாறாக, 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு முறையாக பி.எஃப். பிடித்தால் முதலாளி பங்கே மாதம் 1,800 ரூபாய் (பெரும்பகுதி பென்ஷனுக்குப் போகும்). ஒப்பந்ததாரர் அதைக் கட்டுகிறாரா என்று எந்த யூடியூப் ஆலோசகர் கேட்கிறார்? ஆருத்ரா நிதி நிறுவன மோசடியில் ஏமாந்தவர்களுக்கு இவர்களின் அறிவுரை உதவியிருக்காதா என்று கேட்கலாம். உதவியிருக்கும், மாதம் 25, 30 சதவீத வட்டி என்றதுமே விலகியிருப்பார்கள். ஆனால், அந்த அறிவுரை இருப்பதைக் காக்க மட்டுமே உதவும். சொத்து சேரக் கூலி உயர வேண்டும். அந்தப் பேச்சை ஒப்பந்ததாரரிடமும் தொழிலாளர் துறையிடமும்தான் நடத்த முடியும்.