விளையாட்டு அரங்கம்: பின்வரிசைக்கு யார் பொறுப்பு?



பெருமாட்டி, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், சித்தூர் முதலிய எல்லைப்புற ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கால்பந்தாட்ட விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகள் ஓடியாடி வளர்வதோ கேரளத்து மைதானங்களில். கொச்சியின் மஞ்சள் சட்டைக்குக் கைதட்டுவதா, சென்னையின் நீலச் சட்டைக்குக் கைதட்டுவதா என்ற வழக்கு, ஒரே திண்ணையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடப்பதுண்டு. இந்தப் பகுதியை எழுதுகிறவன் மஞ்சள் கட்சியைச் சேர்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகையால் கீழே வருவது நடுவர் தீர்ப்பு அன்று. ஓர் அபிமானியின் முறையீடு.

முறையீடு இதுதான்: கேரள பிளாஸ்டர்ஸ் குழுவுக்குக் கோல் போடத் தெரிகிறது, விழும் கோலைத் தடுக்கத் தெரியவில்லை. இரண்டு கோல் போட்டு மூன்று கோல் வாங்கிக்கொண்டு திரும்பினால் அபிமானியின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இரவுகளில், கடைசியாகப் பந்தைத் தவறவிட்ட பின்காவலர் மீதும், கோல்காப்பாளர் மீதும் வசைமாரி பொழிவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் நியாயமானதுதானா என்பதையே இம்மாதம் ஆராய விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தியன் சூப்பர் லீக் போட்டி 2014-ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வாண்டு கேரளக் குழு முதற்சுற்றின் 14 ஆட்டங்களில் போட்ட கோல்கள் மொத்தம் 9 மட்டுமே. ஆனால் வாங்கிய கோல்களும் 11-க்கு மேல் போகவில்லை. அந்தச் சொற்ப மூலதனத்தைக் கொண்டே அரையிறுதியில் சென்னையைக் கடந்து, இறுதி ஆட்டம் வரை சென்றது. 2016-இலும் ஏறக்குறைய இதே கதைதான். 14 ஆட்டங்களில் போட்டவை 13, வாங்கியவை 15. ஸ்டீவ் காப்பல் பயிற்சியாளராக இருந்த அந்த ஆண்டில், வடஅயர்லாந்தின் ஆரோன் ஹியூஸ், பிரான்சின் செட்ரிக் ஹெங்பார்ட், நம் நாட்டு சந்தேஷ் ஜிங்கான் ஆகியோர் பின்னால் மதில்போல் நின்றார்கள். குழு பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. கொச்சியில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் பெனால்டி உதைகளில்தான் தோற்றது.

இனி 2020-21-ஆம் பருவத்தை எடுத்துக்கொள்வோம். கோவாவில், ரசிகர்கள் இல்லாத அரங்குகளில் நடந்த பருவம் அது. 20 ஆட்டங்களில் 23 கோல்கள் போட்டார்கள். கோல் போடும் திறமையில் பழைய குழுக்களுக்கு இவர்கள் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் வாங்கியவை 36. பதினொரு குழுக்களில் பத்தாம் இடம். பருவம் முடியுமுன்னே பயிற்சியாளர் விடைபெற்றார். அதற்கடுத்த 2021-22-இல் வாங்கிய கோல்கள் 24-ஆகக் குறைந்தன. குழு மீண்டும் இறுதி ஆட்டத்துக்குச் சென்று, ஐதராபாத்திடம் பெனால்டி உதைகளில் தோற்றது. பின்னர் 2024-25-இல் 24 ஆட்டங்களில் 37 கோல்கள் வாங்கி, பதின்மூன்று குழுக்களில் எட்டாவதாக நின்றது.

இந்தக் கணக்கு சொல்லும் பாடம் எளிது. இக்குழு இறுதி ஆட்டத்தை எட்டிய மூன்று பருவங்களிலும் அதன் பின்வரிசை உறுதியாக இருந்தது. பின்வரிசை தளர்ந்த பருவங்களில், முன்வரிசையில் எத்தனை வீரர் இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

அப்படியானால் குற்றம் பின்காவலர்களுடையதுதானே என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு கோல் எப்படி விழுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நம் பகுதி உழவர்கள் அறிந்த உவமையே சொல்கிறேன். கீழ்வயலில் பயிர் மூழ்கிக் கிடந்தால் கீழ்வயல்காரனையா திட்டுகிறோம்? மேலே எந்த வரப்பில் நண்டு வளை வைத்தது என்றல்லவா தேடிப் போகிறோம்! பந்தாட்டத்திலும் அப்படித்தான். முன்வரிசைக்காரர் பந்தை இழக்கிறார். இழந்த பந்தைத் துரத்தாமல் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். நடு ஆட்டக்காரர் ஒருவர் எதிரியை மறிக்க வேண்டிய இடத்தில் இல்லை. தாக்குதலுக்கு உதவி செய்ய மேலே சென்ற பக்கப் பின்காவலர் திரும்பி வருவதற்குள் அவருடைய இடம் காலி மனையாகக் கிடக்கிறது. அந்த இடத்தை அடைக்க நடுப் பின்காவலர் ஓடுகிறார்; அவர் விட்டுவந்த இடம் இப்போது காலி. அங்கே பந்து வந்து விழுகிறது. தன்னந்தனியாக நிற்கும் கோல்காப்பாளர் பாய்கிறார். பந்து வலைக்குள் போய்விடுகிறது. தொலைக்காட்சி நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவது அந்தக் கடைசிப் பாய்ச்சலை மட்டுமே. முதல் வளை விழுந்த இடத்தை யாரும் காட்டுவதில்லை.

ஆகவே காப்பு என்பது நால்வர் வேலை அன்று, பதினொருவர் வேலை. இது முதல் உண்மை. இரண்டாவது உண்மை இதைவிட முக்கியமானது. காப்பு என்பது பழகிப் பழகி வருவது. கோல் போடுவதற்கு ஒரு தனி மனிதனின் ஒரு நொடி மேதைமை போதும். காப்பதற்கோ நால்வர் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் முன்னேறவும் பின்வாங்கவும் வேண்டும். ஆஃப்சைடு கோட்டில் எதிரியைச் சிக்கவைக்க மூவர் முன்னே வந்து, ஒருவர் மட்டும் ஓரடி பின்னே நின்றுவிட்டால் அத்தனையும் பாழ். 'நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வதற்குள் கோல் விழுந்துவிடும். சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். பல மாதம், பல ஆண்டு அருகருகே நின்றவர்களுக்குத்தான் அந்த மௌன மொழி கைகூடும்.

2021-22-இல் நிகழ்ந்தது அதுதான். செர்பியாவிலிருந்து வந்த இவான் வுக்கமனோவிச் பயிற்சியாளரானார். குரோவேஷியாவின் மார்க்கோ லெஸ்கோவிச்சும், மணிப்பூர் இளைஞர் ஹோர்மிபாம் ருய்வாவும் நடுவில் இணைந்து நின்றனர். கோல்காப்பாளர் பிரப்சுகன் சிங் கில் அவ்வாண்டின் சிறந்த கோல்காப்பாளருக்குரிய தங்கக் கையுறைப் பரிசைப் பெற்றார். அதன்பின் என்ன நடந்தது? 2023-இல் கில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழுவுக்குப் போனார். பக்கக் காவலில் நின்ற கப்ராவும் ஜெஸ்ஸல் கார்னெய்ரோவும் பிரிந்தனர். 2024-இல் பயிற்சியாளரும் லெஸ்கோவிச்சும் விடைபெற்றனர். பின்வரிசைக்கு முன்னே அரணாக நின்ற ஜீக்சன் சிங்கும் அதே ஆண்டு ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். புதிதாக வந்த சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் 12 ஆட்டங்களில் 3 வெற்றியும் 7 தோல்வியும் கண்ட நிலையில், அவ்வாண்டு டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். 2014 முதல் 2025 வரை இக்குழுவின் பயிற்சியாளர் நாற்காலியில் பத்துப் பேருக்கு மேல் அமர்ந்து எழுந்துவிட்டார்கள்! ஆண்டுக்கொரு கொத்தனார் வந்து, முன்னவர் கட்டியதை இடித்துக் கட்டினால் மதில் எப்படி எழும்?

இன்னொரு காரணமும் உண்டு. 2021-22 முதல் ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர் மட்டுமே களத்தில் நிற்கலாம் என்று விதி வந்தது. அது நல்ல விதிதான்; நம் நாட்டு இளைஞருக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அந்த நான்கு இடங்களில் பெரும்பாலானவற்றைக் கோல் போடுகிறவருக்கே கொடுக்கக் குழுக்கள் துடிக்கின்றன. கோல் போடுகிறவர் படத்தைத்தான் சுவரொட்டியில் போட முடியும். அவர் பெயர் பொறித்த சட்டைதான் விற்கும். எஞ்சிய காவற்பாரம் இளம் இந்தியத் தோள்களில் ஏறுகிறது. பாரம் ஏற்றியபின் தோள் தளர்ந்தால் அந்தத் தோளையே பழிக்கிறோம்.

நீலக் கட்சி அன்பர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்ய வேண்டாம். சென்னையின் எஃப்.சி. குழுவும் 2022-23-இல் 20 ஆட்டங்களில் 36 கோல்கள் போட்டு, 37 கோல்கள் வாங்கி, எட்டாம் இடத்தில்தான் நின்றது. அதே சென்னை 2018 மார்ச்சில் பெங்களூரை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியதே, அன்று இரண்டு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர் யார்? மைல்சன் ஆல்வெஸ் என்னும் பின்காவலர்! அன்று குழுவுக்குத் தலைமை தாங்கிய என்ரிக்கே செரெனோவும் பின்காவலரே. 2016 இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவுக்காகச் சமன் கோலைப் போட்டு நம் மஞ்சள் கட்சியைக் கலங்கவைத்தவரும் அவரேதான். உறுதியான பின்வரிசை வாய்த்தால் கோப்பையும் வாய்க்கும் என்பதற்கு நீலக் கட்சியின் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

நம்மவர் பெருமைப்படத்தக்க ஒரு பழைய செய்தியையும் இங்கே நினைவூட்டுகிறேன். கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973-இல். எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே குழுவுக்கு எதிராக மூன்று கோல்களையும் தாமே போட்ட தலைவர் மணியின் பெயர் கேரளமெங்கும் விளங்குகிறது. அந்தக் குழுவைப் பயிற்றுவித்தவர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர். கேரளத்தின் முதல் வெற்றியில் ஒரு தமிழரின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அதுபோலவே, கேரளம் ஈன்ற தலைசிறந்த பின்காவலரின் வாழ்வு தமிழ்நாட்டோடு பிணைந்தது. கண்ணூர் மாவட்டத்து வி. பி. சத்யன், கேரள போலீஸ் குழு 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் தூணாக நின்றவர். நமக்கு அண்டையிலுள்ள கோயம்புத்தூரில் 1992-இல் கேரளம் சந்தோஷ் கோப்பையைப் பெற்றபோது தலைவர் அவரே. இந்தியக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். பின்னாளில் சென்னையில் இந்தியன் வங்கியில் பணியாற்றி, 2006-இல் அந்நகரிலேயே தம் நாற்பத்தோராம் வயதில் துயரமான முறையில் மறைந்தார். அவர் கதையைச் சொல்லும் 'கேப்டன்' என்ற மலையாளத் திரைப்படம் 2018-இல் வந்த பிறகுதான் இளைய தலைமுறையினர் பலர் அவர் பெயரையே அறிந்தனர். கோல் போட்டவர்களை நாடு தானாகவே நினைவில் வைத்துக்கொள்கிறது. கோலைத் தடுத்தவர்களை நினைக்கத் திரைப்படம் ஒன்று தேவைப்படுகிறது.

இது வெறும் ஆட்ட விவகாரமென்று தள்ளிவிடுவதற்கில்லை. அறுவடை முடிந்த வயல்களில் மாலைதோறும் பந்து உதைக்கும் நம் சிறுவர்களைப் பாருங்கள். எல்லோரும் முன்னே ஓடவே விரும்புகிறார்கள். ஆட்டம் வராதவன் என்று ஒதுக்கப்பட்டவனையே பின்னால் நிறுத்துகிறார்கள். அவனினும் இளைத்தவனைக் கோலில் நிறுத்துகிறார்கள். பிழை செய்தால் அவனைக் கேலி செய்கிறார்கள். இந்தப் பழக்கத்தை அவர்கள் எங்கே கற்றார்கள்? பெரிய அரங்குகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்பும் உட்கார்ந்து நாம் போடும் கூச்சலிலிருந்துதான். இருபது வயது நிரம்பிய ஓர் இளம் காப்பாளர் ஒரு பந்தை நழுவவிட்டார் என்பதற்காக அவரைப் பெற்றவர்களையும் சேர்த்து ஏசுவதைக் கேட்டு வளரும் சிறுவன், நாளைக்குக் கையுறை அணிய எப்படித் துணிவான்? துணிவோர் குறைந்தால், பத்தாண்டு கழித்து நல்ல பின்காவலர் இல்லையே என்று யாரிடம் போய் முறையிடுவது?

குழு நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: பயிற்சியாளருக்குக் காலம் கொடுங்கள், பழகிய பின்வரிசையைப் பிரிக்காதீர்கள். இவற்றைக் கேட்க அபிமானிகளுக்கு முழு உரிமை உண்டு. அவ்வுரிமையை ஓர் இளைஞனின் தலைமேல் இறக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பத்து நிமிடம் மட்டும் பந்தை விட்டுவிட்டு, பின்வரிசை நால்வரையே கவனியுங்கள். யார் யாரைப் பார்த்து நகர்கிறார், யார் கைகாட்டி அழைக்கிறார், யார் தம் இடத்தைவிட்டு இன்னொருவர் இடத்தை அடைக்கிறார் என்று பாருங்கள். அருகில் இருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கண்டதை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் மகிழ்ச்சியுடன் எடுத்துப் பேசுவேன். நீலக் கட்சிக் கடிதங்களுக்கும் இங்கே இடம் உண்டு.