சேவலா, பேடா? அவசரப்படாதீர்கள்!



வன்னிக் கிராமமொன்றில் நான் அடிக்கடி சந்திக்கும் தாய் ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை, மூன்று பெண் பிள்ளைகள். அவரது வளவில் அடைவைத்த ஊர்க்கோழி ஒன்பது குஞ்சுகள் பொரித்திருந்தது. ஏழாவது வாரம் நான் போனபோது அவரது முகம் வாடியிருந்தது.

“எல்லாம் சேவலாம் மிஸ். நாளைக்கு வியாபாரி வாறார், குடுத்துவிடு எண்டு மாமி சொல்லுறா. ‘நீ பெத்தது மூண்டும் பெட்டை, அடைவைச்சது முழுக்கச் சேவல், உன்ர ராசி அப்பிடி’ எண்டும் சொல்லிப்போட்டா.”

பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கப் பணம் தேவைதான். ஆனால் பேட்டை இறைச்சிக்கு விற்றால், நாளைய முட்டைகளையும் சேர்த்தல்லவா விற்கிறோம்? இருவருமாகக் குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தோம்.

நீங்களும் இப்படிப் பாருங்கள்:

1. பொரித்த நாளில் ஊர்க்கோழிக் குஞ்சின் வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சேவலா பேடா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செட்டை இறகின் நீளத்தைப் பார்ப்பது, அதற்கென்றே இனங்கலந்து உருவாக்கிய கோழிகளுக்கு மட்டுமே பொருந்தும். முட்டையின் வடிவத்தைப் பார்த்துச் சொல்வதும் பொய்.

2. ஆறு முதல் எட்டு வாரங்களில் சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கும், கால்களும் தடிக்கும். ஒரே இனத்தில், ஒரே வயதுக் குஞ்சுகளையே ஒப்பிடுங்கள். வெள்ளை லெகோன் இனத்தில் பேட்டுக்கும் கொண்டை பெரிது. கொண்டையை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள்.

3. பத்து, பன்னிரண்டு வாரங்களில் கழுத்து இறகையும், வாலுக்கு முன்னால் முதுகில் உள்ள இறகையும் பாருங்கள். ஒடுங்கிக் கூராக மினுங்கினால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பேடு. இதுவே உறுதியான அடையாளம்.

அன்று ஒன்பதில் இரண்டு மட்டுமே சந்தேகமில்லாத சேவல்கள். அவற்றை விற்றுக் கொப்பி வாங்கினார். மற்றவற்றை இன்னும் நான்கு வாரம் வைத்திருக்கச் சொன்னேன். பதினோராம் வாரம் பார்த்தால், ஏழில் ஐந்து பேடுகள்! பொதுவாகவே பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். அது எவருடைய ராசியும் அல்ல.

இன்னொன்றையும் அன்று மாமியாருக்குப் பக்குவமாகச் சொன்னேன். கோழிகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் முட்டை. மனிதரிலோ அது தந்தையின் விந்தணு. “அப்ப, என்ர மகன்ர கணக்கோ?” என்று கேட்டவர், சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, கடைசிப் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அந்த ஐந்து பேடுகளும் முட்டையிடுகின்றன. ஒரு முட்டை வீட்டுக்கு, மிச்சம் கடைக்கு என்று முதலில் கணக்குப் போட்டிருந்தார். “மூண்டு முட்டை வீட்டுக்கு” என்று மாற்றச் சொன்னவர் மாமியார்தான்.

உங்கள் வளவுக் குஞ்சுகளையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள், சகோதரிகளே. வியாபாரி அடுத்த மாதமும் வருவார்.