மாட்டுக்கறியும் பாஸ்பேட் மாத்திரையும்

வடசென்னையில் பழைய ஆட்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததால் வந்த பெயர். வயிற்றைப் பார்த்துத்தான் வைத்தியம் ஆரம்பித்தது. இன்றைக்கு அரசு, தனியார் எங்கே போனாலும் வயிற்றைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. சிறுநீரக நோயாளிகளுக்கு எழுதித் தரும் பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரையே இதற்குச் சாட்சி.

பருப்பு, பால், மீன், கறி எல்லாவற்றிலும் பாஸ்பேட் இருக்கிறது. மிச்சமாவதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். அது கெட்டுப்போனால் ரத்தத்தில் தேங்கும். உடம்பு அரிக்கும், எலும்பு வலுவிழக்கும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும், இதயம் தாங்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாலும் முழுசாகப் போகாது. அதனால்தான் மாத்திரை. கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: குடலில் சாப்பாட்டோடு கலந்து, பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்புவது.

சாப்பாட்டோடு என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. கால்சிய மாத்திரையானால் அந்தக் கால்சியமே ரத்தத்தில் ஏறித் தொல்லை தரும். சீட்டில் 'காலை 1, மதியம் 1, இரவு 1' என்றிருக்கும். மூணு வேளையும் சமமாகச் சாப்பிடுகிற வீட்டுக் கணக்கு அது. எண்ணூரில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிற வீட்டில் காலையில் டீயும் பன்னும், மத்தியானம் கிடைத்தால் உண்டு, ராத்திரிதான் குழம்பும் கறியும். அப்போ மாத்திரையில் பெரும்பங்கு ராத்திரிச் சோற்றோடுதானே போகணும்? டாக்டருக்குத் தெரிந்தால்தானே மாற்றி எழுதுவார்.

என்ன கறி என்பதை நம்ம சனம் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாட்டுக்கறி என்றால் எதிரே இருக்கிற முகம் மாறும் என்பது தலைமுறை அனுபவம். தீண்டாமையின் வேரை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் மாட்டுக்கறி தின்பதைத்தான் சுட்டிக்காட்டினார். 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட மாணவர் அடிக்கப்பட்டார். படித்தவனுக்கே இந்த கதி என்றால், வரிசையில் நாலு பேர் பார்க்க ஒரு கிழவி எப்படிச் சொல்வாள்? "கறியெல்லாம் துன்றதில்லைங்க" என்று முடித்துக்கொள்வாள். அந்தப் பொய்க்குத் தக்கபடி மாத்திரை எழுதப்படும். அவள் வாயில் அந்தப் பொய்யைத் திணித்தது சாதி.

'கறியை நிறுத்து' என்பதும் தீர்வாகாது. டயாலிசிஸ் செய்கிறவருக்கு உடம்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகிற புரதம் மாட்டுக்கறி. கறியை வேகவைத்துத் தண்ணியைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பாஸ்பேட் ஓரளவு குறையும். அளவோடு தின்று, கூடவே மாத்திரை போடலாம். முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டில் பாஸ்பேட்டும் உப்பும் அதிகம், அதைக் குறைக்கணும். கோலா பானத்தில் சேர்த்திருப்பது கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்தில் ஏறும். கறியில் இருப்பது அவ்வளவு ஏறாது. பாலும் பருப்பும் சுத்தம், மாட்டுக்கறி மட்டும் நஞ்சு என்று பிரிப்பது அக்ரகாரத்துச் சமையல்கட்டுக் கணக்கு. விஞ்ஞானம் அப்படிப் பிரிக்கவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டமும் வந்தது. எந்திரம் இலவசம், மாத்திரை மட்டும் கடையில் வாங்கு என்றால் அது அரைவைத்தியம். செவலமர் கால்சிய மாத்திரையைவிட விலை கூடியது. கூலி வீடு ஒரு வேளை போட்டு இரண்டு வேளை விடும். மாத்திரை டயாலிசிஸின் பகுதியாகவே, தடையில்லாமல், இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும், பெயரைப் பதியாத கான்ட்ராக்டரைச் சங்கங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

இடஒதுக்கீட்டுக்காகப் போராடி மருத்துவம் படிக்கப் போன நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. "நேத்து ராத்திரி என்ன கறி, எவ்ளோ தின்னீங்கம்மா?" என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள். பதில் வந்த பிறகு சீட்டு எழுதுங்கள்.