இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று யாருமில்லை

கணக்கில் கெட்டிக்காரர் இடமூளைக்காரர், படம் வரைபவர் வலமூளைக்காரர் என்ற பேச்சு பயிற்சி வகுப்பு விளம்பரங்களில் தொடங்கிப் பெற்றோர் வரை பரவிவிட்டது. சாட்சிக்கு அழைக்கப்படுபவர் 1981-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெரி. ஆனால் அவர் ஆராய்ந்தது, தீராத வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்பிழைக் கற்றை அறுக்கப்பட்டவர்களை. நம் தலையில் சுமார் 20 கோடி இழைகளோடு அது அறுபடாமல் இருக்கிறது. ஒரு பாதி அறிந்தது கணப்பொழுதில் மறுபாதிக்குப் போய்விடுகிறது.

அந்த நோயாளிகளிடமும்கூட இந்தப் பாகுபாடு நிற்கவில்லை. ஸ்பெரியின் மாணவர் மைக்கேல் கசானிகா ஒருவருடைய இடப்பாதிக்கு மட்டும் கோழிக்காலையும் வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும் காட்டினார். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னதும் இடப்பாதி இயக்கும் வலக்கை கோழியைத் தொட்டது. வலப்பாதி இயக்கும் இடக்கை பனி வாரும் மண்வாரியைத் தொட்டது. ஏன் மண்வாரி என்று கேட்டதற்கு, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய என்று தயங்காமல் பதில் வந்தது. பேசியது பனியைப் பார்க்கவே பார்க்காத இடப்பாதி. தர்க்கத்தின் இருப்பிடம் என்று புகழப்படும் பாதி கதை கட்டியது. பேச வராத பாதியோ சரியாக ஊகித்திருந்தது.

மொழி இடப்பக்கம் என்று 1865-லேயே பால் புரோக்கா சொல்லவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பாதியைச் சார்ந்தது. பக்கவாதத்தில் அங்கே அடிபட்டால் பேச்சு போகிறது. ஆனால் வலப்பாதி அடிபட்டவர்களில் பலர் சொற்களைப் புரிந்துகொண்டும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கேலியையும் பிடிக்கத் தடுமாறுகிறார்கள். ஒரே உரையாடலுக்கு இரு பாதிகளும் வேண்டியிருக்கிறது. ஒரு வேலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது வேறு, ஒரு மனிதரே ஒரு பக்கம் சாய்ந்தவர் என்பது வேறு. பின்னதை யூட்டா பல்கலைக்கழகத்தினர் நேரடியாகவே தேடினர். 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர்: மூளை முழுவதுமாக ஒரு பக்கம் மேலோங்கிய ஆட்கள் என்று எவரும் தென்படவில்லை.

வலமூளையைத் தட்டி எழுப்புவதாகச் சொல்லும் வகுப்புக்குப் பணம் கட்டுமுன், பெற்றோரே, எழுப்பப்படாமல் உறங்கும் பாதி எது என்று அவர்களிடம் கேளுங்கள். கணக்கு வராத பிள்ளையிடம் உன் மூளை அந்தப் பக்கம் என்று சொல்லிவிடாதீர்கள், மறுபடி சொல்லிக்கொடுங்கள்.