காமாலைக்குச் சாம்பலைக் காரணம் காட்ட வேண்டாம்

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலால்தான் தொப்புள்கொடி இரத்தத்தில் துத்தநாகமும் செம்பும் அளவு மாறி, வடசென்னைப் பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருகிறது என்கிறார்கள். கோபம் நியாயமானது, காரணம் தவறு. சிவப்பணுக்கள் உடைவதால் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை வெளியேற்றக் கல்லீரல் பழகாததால், நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு சுமார் 60 பேர் முதல் வாரத்தில் மஞ்சளாகிறார்கள். புகைபோக்கியே இல்லாத ஊரிலும் இதுதான் கதை. சிவப்பணுவுக்குள்ளேயே துத்தநாகமும் மக்னீசியமும் உண்டு. அந்தச் சிவப்பணு உடைந்தால், சோதனைக்குழாயில் உடைந்தாலும்கூட, அவை வெளியே வந்து அளவைக் கூட்டும். அந்த எண்ணை வைத்து ஆலையைக் குற்றம்சாட்ட முடியாது. துத்தநாகம் குடலில் பிலிருபினைப் பிடித்து நிறுத்துமே, அதன் அளவு மாறினால் காமாலையும் மாறாதா என்று கேட்கலாம். குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தும் காமாலை குறைந்ததாக 2015ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டவில்லை.

அப்படியானால் மாசு தீங்கற்றதா? இல்லவே இல்லை. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். இவற்றுக்கு நீதி கேட்கக் காமாலையைத் துணைக்கு அழைத்தால், எதிர்த்தரப்பு அந்த ஒரு நூலைப் பிடித்தே மொத்த வழக்கையும் பிரித்துப் போடும். இதைவிட எனக்குப் பெரிய அச்சம், பெற்றோர் சாம்பலைப் பார்த்துக்கொண்டு குழந்தையைக் கவனிக்காமல் விடுவது. நெஞ்சில் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடத்தில் மஞ்சள் தெரிகிறதா? பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கால்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, காலை வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.